என்னைக் கவர்ந்த வீரசாகச நாவல் – பொன்னியின் செல்வன்

முன்னுரை

நூல்கள் பல வகைப்படும். சில நூல்களைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். சில நூல்களைப் பொழுதுபோக்குக்காகப் படிக்கிறோம். பொழுது போனதும் அவையும் போய்விடுகின்றன. படித்து மூடிவைத்த பின்னும் நம்மை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நூல்கள் மிகச் சிலவே. அத்தகைய நூல்களுள் ஒன்றாக நான் கருதுவது அமரர் கல்கி அவர்கள் எழுதிய 'பொன்னியின் செல்வன்'. அந்நூலைச் சக மாணவ மாணவியர்க்குப் பரிந்துரை செய்வதும், அதனை எவ்வாறு படித்தால் பயன் மிகும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் தோற்றம்

கல்கி என்னும் புனைபெயர் கொண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1899-ஆம் ஆண்டு பழைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய வரலாற்றுப் புதினங்களைத் தந்த பின்னர், 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் பொன்னியின் செல்வனைத் தொடர்கதையாக எழுதினார். ஓவியர் மணியம் அதற்குப் படங்கள் வரைந்தார். தொடர் முடிந்த அதே 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார்.

புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்களாக அமைந்தது இந்நாவல். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண்ணிக்கை வேறுபட்டாலும் பல பதிப்புகளில் இரண்டாயிரத்தைத் தாண்டும். "இவ்வளவு பெரிய புத்தகமா!" என்று மலைக்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். நாளொன்றுக்கு இருபது பக்கம் படித்தால் ஒரு பருவத்துக்குள் ஐந்து பாகங்களும் முடிந்துவிடும். அன்றைய வாசகர்களோ வாரந்தோறும் சிறிது சிறிதாகப் படித்துவிட்டு, அடுத்த இதழுக்காக மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார்கள்! அவர்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள் அல்லவா?

கதைத்தலைவன்

நூலின் பெயர் பொன்னியின் செல்வனாகிய அருள்மொழிவர்மனைக் குறிக்கிறது. பிற்காலத்தில் முதலாம் இராசராசனாக முடிசூடியவன் அவனே. ஆயினும் கதையை முன்னின்று நடத்திச் செல்பவன் வந்தியத்தேவன் என்னும் இளைஞன்தான்.

வாணர் குலத்தில் பிறந்த அவனுக்கு ஆள்வதற்கு நாடில்லை, செலவுக்குப் பொருளில்லை. இருப்பவை ஒரு குதிரை, ஒரு வாள், காஞ்சியில் ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகள் ஆகியவையே. ஓர் ஓலை தஞ்சையில் நோயுற்றிருக்கும் சுந்தர சோழருக்கு. மற்றொன்று பழையாறையிலுள்ள குந்தவைக்கு. ஓலை கொண்டு செல்லும் எளிய பணியாகத் தொடங்கும் பயணம், வழியில் அவன் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுவதால் ஆபத்து நிறைந்ததாகிறது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதி, தஞ்சைக் கோட்டையின் நிலவறை, கோடிக்கரையில் படகோட்டும் பூங்குழலி, இலங்கைக் காடுகள், கடலில் சுழற்காற்று எனக் கதை நம்மைக் கைப்பிடித்து இழுத்துச் செல்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1844-இல் எழுதிய 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' என்னும் நாவலும் இவ்வாறே, கையில் கடிதத்தோடும் மனத்தில் துணிவோடும் குதிரையேறி வரும் ஏழை இளைஞனிடமிருந்துதான் தொடங்குகிறது. அதுவும் தொடர்கதையாக வெளிவந்ததே. செல்வமும் செல்வாக்கும் இல்லாத ஓர் இளைஞன் தன் அறிவையும் நாவன்மையையும் மட்டுமே நம்பி உலகத்துக்குள் நுழையும் காட்சி எந்த நாட்டு இளைஞரையும் கவரும். சிற்றூரிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் நம்மைப் போன்றோரைக் கவர்வதில் வியப்பென்ன?

வந்தியத்தேவன் குறையற்ற வீரனும் அல்லன். துருதுருப்பு மிக்கவன், தேவையற்ற இடத்தில் தலையிடுவான், நெருக்கடி வந்தால் சற்றும் தயங்காமல் பொய் சொல்வான். ஆனால் நம்பியவர்க்குத் துரோகம் நினையான். இக்கலவைதான் அவனை நம் விடுதியில் அடுத்த அறையில் வாழும் நண்பனைப் போல் ஆக்கிவிடுகிறது.

நம் மண்ணின் தொடர்பு

'சோழர் கதையென்றால் தஞ்சை மாவட்டத்தார் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். சின்னசேலத்தில் இருக்கும் நமக்கு என்ன?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு மூன்று செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, இந்நாவல் தொடங்கும் இடம் தஞ்சையன்று, வீராணம் ஏரிக்கரை. ஆடிப்பெருக்கு நாளில் நீர் ததும்பும் அந்த ஏரியின் கரையில்தான் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். வீராணம், நம் சின்னசேலம், திருக்கோவலூர் ஆகிய யாவும் 1993-ஆம் ஆண்டு வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவான பின் பிறந்த எல்லைக்கோடுகளை மறந்து பார்த்தால், கதையின் முதல் அத்தியாயம் நம் பழைய மாவட்டத்தில்தான் நிகழ்கிறது. சின்னசேலத்தில் ரயிலேறி விருத்தாசலத்தில் இறங்கி, சேத்தியாத்தோப்பு வழியாகப் பேருந்தில் சென்றால் அந்தக் கரையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். இன்று சென்னை மாநகரத்தின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் அதுவும் ஒன்று.

இரண்டாவது, கதையில் வரும் திருக்கோவலூர் மலையமான். தம் பேரப்பிள்ளைகளுக்காகத் தள்ளாத வயதிலும் படை திரட்டும் அம்முதியவர், இன்று நம் மாவட்டத்தில் உள்ள தென்பெண்ணைக்கரை ஊரின் தலைவர். ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி ஆகிய மூவரையும் ஈன்ற வானவன் மாதேவி மலையமான் குலத்து மகள் என்பது வரலாறு. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய மன்னன் நம் பெண்ணையாற்றங்கரைக்குப் பேரன் முறை! திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. கணவர் இறந்தபோது, இளங்குழந்தையையும் பிரிந்து அவ்வரசி தீப்புகுந்த செய்தியை அது கூறுகிறது. நாவலில் கணவரின் கட்டிலருகே அமர்ந்து பணிவிடை செய்யும் அந்த அம்மையாரின் முடிவை நம் மாவட்டத்துக் கல் ஒன்று ஆயிரம் ஆண்டுகளாகச் சுமந்து நிற்கிறது. கதையைப் படித்துவிட்டு அக்கோயிலுக்குச் சென்றபோது, முன்பு பலமுறை பார்த்த சுவர்களையே புதிதாகப் பார்த்தேன்.

மூன்றாவது செய்திதான் மிக முக்கியமானது. அதனைத் தனியே காண்போம்.

கதையும் சான்றும்

இந்நாவலைத் தழுவிய திரைப்படத்தின் முதல் பாகம் 2022-ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 2023-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்த விடுதி நண்பர்களிடையே ஒரு நாள் இரவு பெரும் வாக்குவாதம் மூண்டது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினிதான் என்றார் ஒருவர். பழுவேட்டரையர் என்றார் மற்றொருவர். "சரித்திரத்திலேயே இருக்கிறது" என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். எந்தச் சரித்திரத்தில் என்று கேட்டபோது இருவரிடமும் விடையில்லை. அவர்களுள் எவரும் நாவலையும் படித்ததில்லை.

உண்மை நிலை என்ன? வீராணத்துக்கு அருகே காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டொன்று கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. அவர்கள் மட்டுமல்லாமல் உறவினர் பலருடைய நிலங்களும் பறிமுதலுக்கு உள்ளானதை அதனால் அறிகிறோம். அறிஞர்கள் நீலகண்ட சாத்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் இக்கல்வெட்டை இராசராசனின் ஆட்சித் தொடக்கக் காலத்தது எனக் கொண்டனர். கொலைக்குப் பின்னணியில் இருந்தவர் யார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நந்தினியைப் பற்றியோ எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. அவள் கல்கியின் கற்பனைப் படைப்பு. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அத்தகையோரே. மாறாக, வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டும், அநிருத்தர் சுந்தர சோழரின் அமைச்சர் என்பதற்கு அன்பில் செப்பேடும் சான்றாக உள்ளன.

இங்கே எனக்குத் தோன்றிய ஒரு கருத்தைக் கூறுகிறேன். கல்கி தம் கதையைச் சோழநாட்டில் எங்கு வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த வீராணத்துக் கரைக்கு அருகிலேயே கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லும் நிற்கிறது. ஆனால் கதையின் முடிவில், கொலைக்களத்து இருளில் வாளை வீசிய கை எது என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. வாசகனையே நீதிபதியாக அமர்த்திவிட்டுப் போய்விடுகிறார்.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் நாவல் முழுவதுமே 'சான்று' என்னும் ஒரு பொருளைச் சுற்றிச் சுழல்வதைக் காணலாம். நண்பன் கந்தமாறனை முதுகில் குத்தியதாக வந்தியத்தேவன் மீது பழி சுமத்தப்படுகிறது. குத்துண்டவனைத் தோளில் சுமந்து காப்பாற்றியவனே அவன். பின்னர் அதைவிடப் பெரிய பழியும் அவன்மேல் விழுந்து, பாதாளச் சிறையில் அடைபடுகிறான். பார்த்தவர் ஒன்று சொல்ல, கேட்டவர் ஒன்பது சேர்த்துச் சொல்ல, ஓர் இளைஞனின் உயிர் ஊசலாடுகிறது. மறுபுறம், கல்வெட்டு கூறும் தண்டனையை எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவர் சிலர். உறவு என்பதற்காக நிலம் இழந்தவர் பலர். ஒரு வதந்தியைக் கேட்ட நொடியில் நம்பி, அடுத்த நொடியில் கைபேசியில் பத்துப் பேருக்கு அனுப்பும் இக்காலத்தில் இவ்விரு செய்திகளும் நமக்குப் பாடமாக வேண்டாவா?

நம் கல்வராயன் மலை மக்களிடையே, தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்னும் கதை வழங்கி வருகிறது. அது கல்லில் வெட்டப்பட்டதன்று, வாய்வழி வந்தது. எனவே பொய்யென்று தள்ளவும் கூடாது. எனவே மெய்யென்று கொள்ளவும் கூடாது. யார் சொன்னார், எப்போது சொன்னார், வேறு சான்று உண்டா என்று பணிவோடு கேட்க வேண்டும். இக்கேள்விகளை எனக்குப் பழக்கியது ஒரு சாகச நாவல் என்றால் நம்புவீர்களா?

குறைகள்

நூலில் குறைகளே இல்லை என்று கூறுவது திறனாய்வாகாது. வாரந்தோறும் வெளிவந்த கதையாதலால் நடந்ததையே மீண்டும் நினைவூட்டும் பகுதிகள் உண்டு. தேடுகின்ற ஆள் தேடுகின்ற வேளையில் எதிர்ப்படும் தற்செயல்கள் சற்று மிகுதி. அரசரும் குறுநில மன்னரும் பேசும் அளவுக்கு, ஏரி வெட்டியவனும் ஏர் பிடித்தவனும் பேசுவதில்லை. கதை முடிந்த பின்னும் சில முடிச்சுகள் அவிழாமல் இருப்பதால், வாசகரின் வினாக்களுக்கு விடையாக ஆசிரியரே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. ஆயினும் எளிய தமிழும் நகைச்சுவையும் கதையோட்டமும் இக்குறைகளைத் தாங்கிச் செல்கின்றன.

எப்படிப் படிப்பது?

முதலில், ஒரு வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன், தம் கதைக்கு முன்பே அத்தீவின் படத்தை வரைந்துவிட்டார். நாமோ உண்மையான ஊர்களின் வழியே செல்லப்போகிறோம். காஞ்சி, வீராணம், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, நாகை என்று வந்தியத்தேவன் சென்ற இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்து, குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் பிரியுங்கள். ஒன்றில் சான்றுள்ள மாந்தர். மற்றொன்றில் கற்பனை மாந்தர். ஐயம் எழும்போது வரலாற்றுத்துறைப் பேராசிரியர்களை அணுகுங்கள். பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தைப் புரட்டுங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. நால்வர் சேர்ந்து வாங்கி, பாகம் பாகமாக மாற்றிப் படித்தால் செலவும் குறையும். பேசுவதற்குத் துணையும் கிடைக்கும்.

முடிவுரை

திரைப்படம் பார்த்தவர்க்கு நாவல் எதற்கு என்று இனியும் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். திரையில் முகங்களை வேறொருவர் தேர்ந்து தருகிறார்; விடைகளையும் அவரே தருகிறார். நாவலில் முகம் நம்முடையது. விடை தேடும் பொறுப்பும் நம்முடையது. வாளும் குதிரையும் வந்தியத்தேவனுக்கு உரிய சாகசம். கேட்டதை அப்படியே நம்பாமல், கல்வெட்டு வரைக்கும் தேடிச் செல்லும் சாகசம் வாசகராகிய நமக்கு உரியது. ஆகவே நண்பர்களே, வரும் விடுமுறையில் முதல் பாகத்தைக் கையில் எடுங்கள். கரிகாலனைக் கொன்றது யார் என்பது பற்றிக் கல்லூரி திறந்ததும் வாதிடுவோம். இம்முறை சான்றுகளோடு வாதிடுவோம்!