இறால் குஞ்சுக்கும் மூச்சு முட்டும்



குழுக்கடன் வாங்கி இறால் குட்டை போட்ட சகோதரிகள் சொல்வது இதுதான்: "ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா குஞ்செல்லாம் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கு." உடனே நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பல நேரங்களில் அது மூச்சுத் திணறல்தான்.

இறாலுக்குத் தலை ஓட்டின் உள்ளே இருபக்கமும் செவுள் இருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அது செவுள் வழியாக எடுக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பெரிய இறாலைவிடக் குஞ்சுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேணும். தோல் உரிக்கும்போது இன்னும் கூடுதலாக வேணும்.

விடியற்காலையில் ஏன் சாகிறது? பகல் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். ராத்திரியில் அந்தப் பாசியே ஆக்சிஜனை இழுக்கும். இறாலும் இழுக்கும், அடியில் அழுகுற மிச்சத் தீவனமும் இழுக்கும். அதனால் விடியுமுன்தான் அளவு ரொம்பக் குறையும். தண்ணி பச்சையா இருந்தா நல்லதுன்னு சொல்வோம், ஆனால் கரும்பச்சையாகத் திரண்டால் ஆபத்து.

சூடும் உப்பும் கூடினாலும் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம் கரையும். அதே சூட்டில் கடல் தண்ணீரில் ஆறு மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. மழைத்தண்ணி மேலே நிற்கும், உப்புத்தண்ணி அடியில் தங்கும், இரண்டும் கலக்காது. மூடாக்கு நாளில் பாசியும் சரியாக வேலை செய்யாது. அன்றைக்குத் தீவனத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கணும். காலை 10 மணிக்கு அளந்து, 6 இருக்குன்னு நிம்மதியா இருப்பதில் பயன் இல்லை. விடியுமுன் 4, 5 மணிக்கு, குட்டையின் அடித்தண்ணீரில் அளக்கணும். குறைந்திருந்தால் எல்லா ஏரேட்டரையும் ஓட்டுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள்.

தீவனம் அழுகினால் அம்மோனியாவும் சேரும். சாயங்காலம் தண்ணீரின் காரத்தன்மை ஏறும்போது அதன் விஷம் கூடும், செவுள் கெடும். அப்புறம் ஆக்சிஜன் இருந்தும் குஞ்சால் எடுக்க முடியாது.

கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஏரேட்டரை நிறுத்துபவர்கள் நிறைய. மிச்சம் பிடிக்கணும்னா நல்ல வெயில் அடிக்கும் பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். கரண்ட் போனால் ஓட்ட, டீசல் கேனில் இருக்கான்னு பொழுது சாயும்போதே பார்த்துடுங்க.