வண்ணம் பேசும் வரைபடம்

ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்பது எண். அம்மழை அவ்வூர் மண்ணுக்குப் போதுமா என்பது வினா. எண் கையில் இருப்பதனாலேயே வினாவிற்கு விடை கிடைத்துவிடாது. ஏடு நிறைந்த எண்களைக் கண்ணுக்குப் புலனாகும் கோடாகவும் வண்ணமாகவும் மாற்றுவது ஒரு கலை. அக்கலை புதுச்சேரி நகரில் புதியதொரு முறையில் வளர்ந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. மறு ஆண்டு அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றிற்று. இந்தியவியல் அறிஞராகிய ழான் ஃபிலியோசா அதனை நிறுவினார். கடற்கரையை அடுத்த செயின்ட் லூயி வீதியில் உள்ள அந்நிறுவனத்தில், ஒருபுறம் பழஞ்சுவடிகள் ஆராயப்பெற்றன. மறுபுறம் மரஞ்செடிகொடிகள் ஆராயப்பெற்றன. தாவர ஆய்வைப் பியேர் லெக்ரி முன்னின்று நடத்தினார். அவ்வாய்வுக்கு அடிப்படையான முறைகளை வகுத்தவர் பிரான்சு நாட்டுத் தாவரவியலறிஞர் ஆன்றி கோசென் ஆவார்.

பாஞூல் என்பாரும் கோசெனும் 1953ஆம் ஆண்டில் ஒரு வரைபட முறையை வெளியிட்டனர்.  வெப்பத்தையும் மழையையும் இவர்கள் ஒரே தாளில் வரைந்தனர். கீழ்க்கோட்டில் பன்னிரு மாதங்கள். ஒரு பக்கத்தில் வெப்பம். மறு பக்கத்தில் மழை. பத்துப் பாகை வெப்பத்திற்கு நேராக இருபது மில்லிமீட்டர் மழை நிற்குமாறு அளவுகளை அமைத்தனர். இதுவே அதன் நுட்பம். மழைக்கோடு வெப்பக்கோட்டிற்குக் கீழே தாழ்ந்தால் அது வறண்ட மாதம். மேலே எழுந்தால் ஈர மாதம். கணக்கறியாதவனும் வறட்சியைக் கண்ணாற் காணலாம் அன்றோ!

புதுச்சேரியையே சான்றாகக் கொள்வோம். சித்திரை பிறக்கும் ஏப்ரல் மாதத்தில் சராசரி வெப்பம் ஏறத்தாழ 30 பாகை. ஆகவே, 60 மில்லிமீட்டர் மழையேனும் பெய்தாலன்றி அது வறண்ட மாதமே. அம்மாதத்து மழையோ அதனினும் மிகக் குறைவு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது மழைக்கோடு மலைபோல் உயர்ந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டிச் சொன்னால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். ஒரே அளவு மழை பெறும் ஈரூர்களில், ஒன்று அதனைச் சில வாரங்களில் பெறலாம். மற்றொன்று பல மாதங்களில் பெறலாம். ஆண்டுத்தொகை ஒன்றே, ஆயினும், அவ்வூர்களின் காடும் கழனியும் ஒன்றாகா.

இதனினும் வியப்பானது அவர்கள் தீட்டிய தாவரப் படம். நிலப்படத்தில் வண்ணங்களை விரும்பியவாறு பூசுவது எளிது. கோசெனோ ஒவ்வொரு வண்ணத்திற்கும் காரணம் கற்பித்தார். வறட்சியையும் வெப்பத்தையும் மஞ்சள், சிவப்பு ஆகியவற்றைச் சார்ந்த நிறங்கள் உணர்த்தின. ஈரத்தை நீலஞ்சார்ந்த நிறங்கள் உணர்த்தின. இத்தகைய இயல்புகள் ஓரிடத்தில் கூடும்போது அவற்றின் நிறங்களும் கூடிப் புது நிறமாயின. எனவே, அந்நிறத்தைக் கண்டவுடனே அவ்விடத்தின் தன்மையை ஊகிக்கலாம். இம்முறையில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஒத்துழைப்போடு வரையப்பெற்ற குமரிமுனைப் படத்தாள் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. படத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் பத்துக் கிலோமீட்டர். பிற பகுதிகளுக்கும் படத்தாள்கள் தொடர்ந்து வெளிவந்தன.

அடர்ந்த காட்டைக் காட்ட நிறம் நிறைவாகப் பூசப்பட்டது. காடு அழிந்து புதரான இடத்தில் அதே நிறம் நலிந்து தோன்றிற்று. எந்தக் காடு எந்தப் புதராகத் தேய்ந்தது என்னும் உறவை அவர்கள் இவ்வாறு புலப்படுத்தினர். இன்று உள்ளதை மட்டுமன்றி, இழந்ததையும் மீண்டும் வளரக்கூடியதையும் அப்படம் கூறிற்று. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோவிலைச் சூழ்ந்த காட்டில், சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய என்றும் பசுமையான உலர்காட்டின் மரங்கள் இன்றும் நிற்கின்றன. அத்தகைய சிறு சோலைகளே, சுற்றிலும் உள்ள வெற்றுநிலம் முன்பு எவ்வாறு இருந்திருக்கலாம் என்பதற்குச் சான்றாகும்.

எனினும், எந்தப் படமும் முழு உண்மையைக் கூறிவிடாது. மாதச் சராசரியை வரையும் கோடு, மழை பொய்த்த ஓராண்டின் துயரை மறைத்துவிடும். நீரைத் தேக்கும் களிமண்ணையும் நீர் நில்லா மணலையும் அக்கோடு வேறுபடுத்தாது. ஆகவே, படத்தைக் காண்போர் அது காட்டுவதைக் காண்பதோடு, காட்டாது விட்டதையும் கேட்டறிதல் வேண்டும்.

புதுமை என்பது கண்ணைக் கவரும் அலங்காரம் அன்று. பொருளுக்கு ஏற்ற வடிவத்தைத் தேடிக் காண்பதே புதுமை. மழையை வெப்பத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும் எனவும், வண்ணமும் காரணத்தோடு அமைய வேண்டும் எனவும் எண்ணியவர்களால் ஒரு நாட்டின் காடுகளே தாளில் பேசலாயின. நாமும் எண்களைக் காணும்போது, அவை விடை கூற வேண்டிய வினா யாது என முதலில் கேட்போமாக.

பயிற்சி
1. வறண்ட மாதத்தைக் கோசென் முறை எவ்வாறு காட்டுகிறது?
2. ஆண்டு மழையின் மொத்த அளவு மட்டும் போதாது என்பது ஏன்?
3. உங்கள் ஊரின் மாத மழையையும் வெப்பத்தையும் திரட்டி, இம்முறையில் ஒரு படம் வரைக.