கிரஷர் மோட்டாருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர்: யாரிடம் வாங்குவது?

கேள்வி: ஐயா, பெரம்பலூர் பக்கம் கல் கிரஷர் நடத்துகிறோம். ஜா கிரஷருக்கு 100 எச்.பி. மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். டெல்டாவுக்கு மாறும்போது பெல்ட் அலறுகிறது. ஒருமுறை காயில் கருகி ரீவைண்டிங்கும் பண்ணியாயிற்று. சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். விலை இரண்டு மடங்கு வரை வித்தியாசப்படுகிறது. மூவருமே கரண்ட் பில் குறையும் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: கரண்ட் பில் குறையும் என்ற பேச்சை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். மோட்டார் முழு வேகம் எடுத்ததும் பைபாஸ் கான்டாக்டர் சேர்ந்து, மோட்டார் நேரடி லைனில்தான் ஓடும். யூனிட் பழையபடியே ஏறும். உங்களுக்கு லாபம் வேறு இடத்தில்: பெல்ட், பேரிங், காயில் எல்லாம் நீடித்து உழைக்கும்.

விலை ஏன் இப்படி வித்தியாசப்படுகிறது? மூவரும் கொடுக்கப்போவது ஒரே பொருள் இல்லை. 100 எச்.பி. மோட்டார் முழு லோடில் சுமார் 130 ஆம்பியர் இழுக்கும். பம்பு என்றால் அதன் மூன்று மடங்கு கரண்டில் பத்து நொடிக்குள் கிளம்பிவிடும். ஜா கிரஷரில் இரண்டு பக்கமும் கனத்த ஃபிளைவீல். நாலு மடங்கு கரண்ட், இருபது நொடி என்றுகூடப் போகும். அவ்வளவு நேரமும் ஸ்டார்ட்டருக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர்கள் சூடேறிக்கொண்டே இருக்கும்.

ஐஇசி 60947-4-2 தரப்படி கேட்லாக்கில் ஒரு வரி இருக்கும். ‘ஏசி-53பி 4-20:340’ என்றால், நாலு மடங்கு கரண்டை இருபது நொடி தாங்கும், அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் 340 நொடி ஆற வேண்டும் என்று பொருள். இந்த வரியை மூவரிடமும் எழுதி வாங்குங்கள். விலை குறைந்தவரிடம் அது ‘3-10’ என்று தொடங்கினால், அவர் உங்களுக்கு பம்பு ஸ்டார்ட்டர் விற்கிறார். கிரஷருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு சைஸ் கூட்டித்தான் போட வேண்டும்.

ஸ்டார்ட்டரின் ஆம்பியர் கணக்கும் வழக்கமாக 40 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில் உங்கள் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் அதைத் தாண்டிவிடும். அதனால் எவ்வளவு ஆம்பியர் குறையும் என்பது அதே கேட்லாக்கில் இருக்கும். ஃபேன் வைத்த திறந்த பேனல் கல்தூசியை உள்ளே இழுத்து ஸ்டார்ட்டரின் எலெக்ட்ரானிக் கார்டில் படியவைக்கும். ஐபி 54 பேனல் கேளுங்கள்.

நல்ல சப்ளையரை அவர் கேட்கும் கேள்வியில் கண்டுபிடிக்கலாம். மோட்டார் டெர்மினலில் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? பவர் ஃபேக்டருக்காக நம் ஊரில் பலர் அங்கேயே கட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் அது இருந்தால் தைரிஸ்டர் போய்விடும். அதை லைன் பக்கம் மாற்றி, மோட்டார் கிளம்பிய பிறகு சேரும்படி வைக்க வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 415 வோல்ட் 360 ஆக இறங்கினால் மோட்டாரின் இழுவை கால் பங்கு போய்விடும். தாடையில் கல் சிக்கியிருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எந்த சாஃப்ட் ஸ்டார்ட்டராலும் அதைக் கிளப்ப முடியாது. கல்லை அள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இதை முன்கூட்டியே சொல்பவர் நேர்மையானவர்.

சீமென்ஸ், ஏபிபி, ஷ்னைடர் என எந்தப் பிராண்டானாலும் ஃபால்ட் வந்தால் வரப்போவது டீலரின் ஆள்தான். (எல் அண்ட் டி-யின் சுவிட்ச்கியர் தொழில் 2020-இல் ஷ்னைடர் கைக்குப் போனது, 2024 முதல் லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது. கொட்டேஷனில் இரண்டு பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அரியலூர் சிமென்ட் ஆலைகளிலும் கிரஷர், கன்வேயர், பெரிய ஃபேன் என்று இதே மாதிரி லோடுதான். அங்கே எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் தெரிந்தவர் இருந்தால், ராத்திரி போன் எடுக்கிற டீலர் யார், திருச்சியில் ஸ்பேர் கார்டு வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். பெயரில்லாத மலிவுப் பொருளை நான் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான். கார்டு போனால் கிரஷர் நிற்கும், லாரிகள் வரிசையில் காத்திருக்கும்.

பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். வோல்டேஜ் குறைவான நேரத்தில் வரச்சொல்லி, கிளாம்ப் மீட்டர் மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட், நொடி, செட்டிங் எல்லாவற்றையும் எழுதி பேனல் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதியைக் கொடுங்கள். பழைய ஸ்டார்-டெல்டாவை விற்றுவிட வேண்டாம். மோட்டாரிலிருந்து வரும் ஆறு வயரும் அப்படியே இருந்தால், அவசரத்துக்கு அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.