பிய்ந்த ஷூவை வீட்டிலேயே சரிசெய்ய: முழுமையான வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். இங்கே இருந்துகொண்டு, அடிப்பாகம் வாய்பிளந்த ஒரே காரணத்துக்காக நல்ல ஷூவைக் குப்பையில் போட மனம் வரக் கூடாது.

முதலில் சோதனை

அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் அது காற்றின் ஈரத்தால் சிதைந்த பாலியூரித்தேன். எந்தப் பசையும் நிற்காது. உதிராவிட்டால் தொடங்கலாம்.

தேவையானவை

எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை, உப்புத்தாள், குத்தூசி, கனமான ஊசி இரண்டு, மெழுகு தடவிய நைலான் நூல், பழைய சைக்கிள் ட்யூப், ஜீன்ஸ் துணி அல்லது தோல் துண்டு. பெவிக்விக் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் விறைத்து, நடக்கும்போது மடிப்பில் உடைந்துவிடும்.

ஒட்டுதல்

1. மண்ணையும் பழைய பசையையும் நீக்கி, நிழலில் ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

2. ஒட்டவேண்டிய இரு பக்கத்தையும் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

3. இரு பக்கமும் பசையை மெல்லிசாகத் தடவிக் காத்திருங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். பஞ்சர் கடைக்காரர் சொல்யூஷன் தடவியதும் ஒட்டிவிடுவதில்லை, கவனித்திருப்பீர்கள். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாக வேண்டும். உள்ளே சிக்கினால் பிடிப்பு வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சித்திரை வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும் என்பதால் கடிகாரத்தை நம்பாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாத பதம்தான் சரி. துணியும் தோலும் முதல் பூச்சைக் குடித்துவிடும். அவற்றுக்கு இரண்டாம் பூச்சு தேவை.

4. முனையிலிருந்து குதிகால் நோக்கி நேராகப் பொருத்துங்கள். தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. சுத்தியலால் தட்டி, ட்யூப் பட்டையால் இறுக்கிக் கட்டி ஒருநாள் விடுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி உட்காருங்கள். இந்தப் பசை தீப்பிடிக்கும்.

தைத்தல்

பாதம் மடியும் இடத்தில் பசை மட்டும் போதாது. அடிப்பாக ஓரத்துப் பள்ளத்தில் குத்தூசியால் துளையிட்டு, நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுத்துத் தையுங்கள். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் தாங்கும்.

கிழிசல்

ஒட்டுத்துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டுங்கள். கூர்மூலை சீக்கிரம் உரியும். மேல்பாகத்துக்குக் குரோம் உப்பில் பதனிட்ட தோல் போடுங்கள், அது மிருதுவானது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சும். அதை உள்ளே பாதத்தடியில் போடுங்கள். நிறம் போன இடத்துக்கு அக்ரிலிக் பெயிண்ட் போதும்.

ஒட்டிய ஷூவை வெயிலடிக்கும் வாசலில் விடாதீர்கள். சூட்டில் பசை இளகும். குதிகால் சாய்ந்து தேய்ந்திருந்தால் செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.