முதலில் பிரேக்!

யமஹா ஆர்எக்ஸ் 100 தெரியும்ல? 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் பைக். எங்க சித்தப்பா பழசு ஒன்றை வாங்கி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக வீட்டிலேயே தயார் செய்கிறார். (1990இல் அந்த டிராக் வரும்வரை சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ்.)

"சைலன்சரை மாத்துனா பறக்கும்"னு பசங்க சொல்வாங்க. டூ ஸ்ட்ரோக்கில் நழுவி வெளியேறும் பெட்ரோல் கலவையை, சைலன்சரின் உள்வடிவம்தான் அழுத்த அலையால் திருப்பித் தள்ளுகிறது. கண்டபடி வெட்டினால் சத்தம்தான் மிச்சம்!

சித்தப்பா முதலில் பிரித்தது பிரேக் டிரம்மை. ஏன்? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று படித்தோமே. 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து 10 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 80இல் 40 மீட்டர் வேண்டும். அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாகிறது. டிரம் சூடேறி விரிந்தால் பிடிப்பு குறையும். டிராக்கில் வளைவுக்கு வளைவு இதே கதை. அதனால் புது பிரேக் ஷூ, கேபிள், டயர். இன்ஜின் வேலை அப்புறம்தான்.

முகூர்த்த நாளில் நம்ம கோயில் ரோட்டில் 40 மீட்டர் காலியாக நான் பார்த்ததே இல்லை. வண்டியைக் குட்டியானையில் ஏற்றித்தான் டிராக்குக்குக் கொண்டுபோகப் போகிறார்.