வாங்கிய பொருளா, வாடகைப் பொருளா?



தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, பேரேடு. இவை நான்கும் இருந்தால் மளிகைக் கடை நடத்திவிடலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும், அவை நமக்கே சொந்தம். விற்றவர் தொழிலை விட்டுப் போனாலும் நம் தராசு நிறுக்கும், நம் பேரேடு திறக்கும்.

இன்று சங்கரன்கோவில் கடைவீதியில் பில் போடும் கணிப்பொறியும், கியூ.ஆர். அட்டையும், பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டியும் வந்துவிட்டன. வசதி பெரிது, மறுப்பதற்கில்லை. ஆடித்தபசுக் கூட்டத்திலும் சில்லறை தேடி நிற்காமல் வியாபாரம் முடிகிறது. ஆனால் இவற்றில் எது நம் சொத்து, எது வாடகை என்று நம்மில் பலர் கேட்பதில்லை. அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. கருவி

கணிப்பொறி, பில் அச்சிடும் இயந்திரம் ஆகியவற்றை ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம், அவை நம்முடையவை. பேசும் பெட்டி அப்படியல்ல. பல நிறுவனங்கள் அதை மாத வாடகைக்கே தருகின்றன. வாடகையை நம் வரவிலிருந்தே பிடித்துக்கொள்வதால், கையை விட்டுப் போவது தெரிவதில்லை. பெட்டி வேண்டாம் என்றால் மூலையில் தூக்கி வைத்தால் போதாது. திருப்பிக் கொடுத்து, எழுத்தில் ரசீது பெற வேண்டும்.

2. மென்பொருள்

இதில் இரு வகை உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் தொடர்ந்து ஓடுவது ஒன்று. ஆண்டுச் சந்தா கட்டினால் மட்டுமே ஓடுவது மற்றொன்று. இரண்டாவது வகையில் நாம் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை.

இதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம். 2009ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம், கிண்டில் கருவியில் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனாலும் நாம் விற்ற அரிசி மூட்டையை, வாடிக்கையாளர் வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு, பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால் ஊர் ஏற்குமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. இப்படிப்பட்ட மின்னணுப் பொருள்களை விற்பவர், தருவது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது.

3. கணக்கு

முதல் இரண்டும் வாடகையாக இருக்கலாம், தவறில்லை. கடையே வாடகைக் கட்டடத்தில் நடக்கவில்லையா? ஆனால் கணக்கு மட்டும் பிறர் கையில் இருக்கக் கூடாது.

எங்கள் மண்டியில் ஒரு நிறுவனத்தின் பில் மென்பொருள் ஓடியது. சந்தா முடிந்த மறுநாள் புதிய பில் போட முடியவில்லை, அது நியாயம். ஆனால் பழைய பில்லையும் பார்க்க முடியவில்லை. சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாக்கி எவ்வளவு என்று கேட்டு நின்றபோது, கையால் எழுதிய பற்று வரவுப் பேரேடுதான் பதில் சொன்னது. இன்றும் அந்தப் பேரேட்டை நாங்கள் விடவில்லை.

சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கை 2030 டிசம்பர் வரை வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது 'சந்தா முடிந்துவிட்டது' என்று சொல்ல முடியுமா?

பணம் வரும் வழிக்கும் இது பொருந்தும். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளைப் பெறத் தடை விதித்தது. பின்னர் மார்ச் 15 வரை அவகாசம் கொடுத்தது. அந்த வங்கிக் கணக்கில் பணம் சேரும்படி வைத்திருந்த வணிகர்கள் வேறு வங்கிக்கு மாற நேர்ந்தது. கியூ.ஆர். அட்டையை வேறு வங்கிக் கணக்குடன் இணைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

செய்ய வேண்டியவை

• வாங்கும் முன் கேளுங்கள்: சந்தா நின்றால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? பதிலை எழுத்தில் பெறுங்கள்.

• மாதக் கடைசியில் கணக்கை இரண்டு பென்டிரைவில் பதிந்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் சேருங்கள்.

• பதிவு செய்யும் கைப்பேசி எண் முதலாளியுடையதாக இருக்கட்டும். கணக்கப்பிள்ளையுடையதோ, மென்பொருள் விற்க வந்தவருடையதோ வேண்டாம்.

• பெட்டி சொன்னதை மட்டும் நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவையும் பிடித்தத்தையும் வாரம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

• ஒரே நிறுவனத்தை நம்பாமல், இரண்டாவது வங்கியின் கியூ.ஆர். அட்டை ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

புதுமையை ஒதுக்க வேண்டியதில்லை. கருவி யாருடையதாகவும் இருக்கட்டும். கணக்கு நம்முடையதாக இருக்கட்டும். கடன் கொடுத்துத் தொழில் செய்யும் நமக்கு, கணக்கே முதல்.