சோம்பல் அன்று: மனநிலைக் கோளாறும் உடல் அழற்சியும்

காய்ச்சல் கண்டவர் படுத்தே கிடப்பார், உணவை வெறுப்பார், பேச்சுக் கொடுத்தாலும் ஒதுங்குவார். அவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. நோயை எதிர்க்கும் உடல் தன் ஆற்றலைச் சேமித்துக்கொள்ளும் முறை அது. கிருமியோ காயமோ தாக்கும்போது நோய்த்தடுப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. இவ்வெதிர்வினையே அழற்சி எனப்படும். இதன் செய்தி மூளையையும் எட்டுவதால் சோர்வும் ஆர்வமின்மையும் தோன்றுகின்றன.

ஹெபடைட்டிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி பெற்றோர் பலருக்கு மனச்சோர்வு உண்டானது இத்தொடர்பை உணர்த்திற்று. காய்ச்சல் இல்லாமலேயே மெல்லிய அழற்சி நீடிப்பதும் உண்டு. மனச்சோர்வு நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் காணப்படுகிறது. எனினும் உடற்பருமன், புகைப்பழக்கம், நீரிழிவு, ஈறு நோய் ஆகியவையும் இதனை உயர்த்தும். எனவே அழற்சி ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது.

மனநிலை சீரான பின்னரும் சிலருக்குக் குளித்தல், சமைத்தல், வரவு செலவு பார்த்தல் போன்ற அன்றாடப் பணிகள் மலையாகத் தோன்றும். இதற்கு அழற்சி ஒரு பங்காக இருக்கலாம். மருந்தின் மயக்கம், தூக்கக் குறைவு, தைராய்டு குறைபாடு ஆகியனவும் காரணமாகலாம். ஆதலால், எப்பணி எந்நேரத்தில் கடினமாகிறது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அழற்சியைக் குறைத்தால் மனச்சோர்வு நீங்குமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அழற்சியைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து, மொத்தத்தில் வெற்று மருந்தைவிட மேலானதாக அமையவில்லை. தொடக்கத்தில் அழற்சி மிகுந்திருந்தவர்களிடம் மட்டுமே பயன் தரும் அறிகுறி தென்பட்டது.

ஆகவே, வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணுதல் கூடாது. குறிப்பாக லித்தியம் உட்கொள்வோருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஆபத்தாக உயர்த்தக்கூடும். கடும் கைநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் காணின் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

முறையான உறக்கம், இயன்ற அளவு நடை, பல் பராமரிப்பு, புகையிலையை விடுதல், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை எவருக்கும் நலம் தருவன. குடும்பத்தார் ஒரு பணியைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். இன்று காய் நறுக்கினால் போதும். சமையல் நாளை ஆகட்டும்.